கைக்கு எட்டும் இடத்துக்கு வந்த ஆயில் சென்சார்

டிராக்டர் வைத்திருக்கும் நண்பர்களிடம் ஒரு கேள்வி. சாவியைத் திருப்பியதும் மீட்டர் போர்டில் சிவப்பாக ஓர் ஆயில் விளக்கு எரியுமே, அதை இன்று காலை பார்த்தீர்களா? பார்க்கவில்லை என்றால், இதைப் படித்து முடித்ததும் முதல் வேலையாக எழுந்துபோய்ப் பார்த்துவிடுங்கள். அந்த விளக்கை மதிக்காமல் விட்டதற்கு நான் 38 ஆயிரம் ரூபாயும், ஒரு சம்பா நடவின் பாதி விளைச்சலும் தண்டம் கட்டியவன்.

வங்கியில் 34 வருஷம் வேலை பார்த்தேன். அதில் டிராக்டர் கடன் மட்டும் எத்தனையோ பேருக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். சிட்டா, அடங்கல், ஆர்.சி. புத்தகம், இன்சூரன்ஸ் எல்லாவற்றையும் ஒன்றுக்கு இரண்டு தரம் சரிபார்ப்பேன். ஆனால் ஒரு டிராக்டரின் பானெட்டைத் திறந்து உள்ளே பார்த்தது, ஓய்வு பெற்ற பிறகுதான்.

எங்கள் நிலம் புதுக்கோட்டை மாவட்டம், ஆலங்குடிப் பக்கம். மொத்தம் 5 ஏக்கர். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது தென்னை பெரும்பாலும் சாய்ந்துவிட்டது. அடுத்த வருஷம் நிலத்தைச் சீராக்குவதற்காகப் பழைய டிராக்டர் ஒன்று வாங்கினேன். மூன்று சிலிண்டர், 42 குதிரைத்திறன். யார் தயாரிப்பு என்பது இங்கே முக்கியமில்லை. இந்தக் குறை பல வண்டிகளிலும் உண்டு.

விரல் படும், ஸ்பேனர் நுழையாது

அந்த விளக்கை எரிய வைப்பதும் அணைப்பதும் ஆயில் பிரஷர் சுவிட்ச். நம் ஆட்கள் பொதுவாக "ஆயில் சென்சார்" என்பார்கள். கட்டைவிரல் பருமனில் ஒரு சின்னச் சாமான், தலையில் ஒரே ஒரு ஒயர். என் வண்டியில் அது இன்ஜின் பிளாக்கின் இடது பக்கம், டீசல் பம்புக்கும் பில்டருக்கும் பின்னால் ஒளிந்து உட்கார்ந்திருந்தது. கையை விட்டுத் துழாவினால் விரல் நுனியில் தட்டுப்படும். ஸ்பேனர் நுழையாது. மாற்ற வேண்டும் என்றால் பில்டர் தாங்கியைக் கழற்றி, டீசல் குழாயை அவிழ்த்து, வேலை முடிந்ததும் டீசலில் ஏர் எடுக்க வேண்டும். 250 ரூபாய் சாமானுக்கு அரை நாள் வேலை. டவுனிலிருந்து மெக்கானிக் வர வேண்டும்.

வாங்கிய இரண்டாம் வருஷத்திலேயே அந்த சுவிட்ச் ஆயில் கசிய ஆரம்பித்தது. மாற்றினோம். எட்டே மாதத்தில் புதியதும் கசிந்தது. விளக்கு விட்டு விட்டு எரிந்தது. அப்போது சம்பாவுக்குச் சேறடிக்கும் நேரம். தக்கைப்பூண்டு இடுப்பளவு வளர்ந்து, மடக்கி உழத் தயாராக நிற்கிறது. நாற்றங்காலில் தூயமல்லி நாற்று.

"ஐயா, லைட்டு விட்டு விட்டு எரியுது" என்றார் ஓட்டுநர் தம்பி.

"ஆயில் இருக்கா?"

"கம்பி வச்சுப் பாத்தேன், இருக்குங்க."

"அப்ப சென்சார்தான் கோளாறு. ஒயரைக் கழட்டி விட்டுட்டு ஓட்டு. நடவு முடியட்டும், பாத்துக்கலாம்."

ஒயரைக் கழற்றியதும் விளக்கு அணைந்தது. நாங்கள் இருவரும் நிம்மதியாக இருந்தோம்.

பதினோராம் நாள்

தக்கைப்பூண்டை மடக்கி உழுது, இரண்டாம் சால் சேறடித்துக் கொண்டிருந்தபோது இன்ஜினிலிருந்து வெள்ளையாகப் புகை. ஏதோ சூடேறிவிட்டது என்று நினைத்துக் கைகாட்டிக்கொண்டே வரப்பில் ஓடினேன். நான் போய்ச் சேருவதற்குள் "டக் டக்" என்று உள்ளேயிருந்து இரும்பு அடிக்கும் சத்தம். தம்பி உடனே நிறுத்திவிட்டார். அவர் இன்னும் ஒரு சுற்று போயிருந்தால் இன்ஜினே ஜாமாகியிருக்கும்.

கசிந்துகொண்டிருந்த அதே சுவிட்சின் நடுவில் உள்ள பிளாஸ்டிக் பிதுங்கிக்கொண்டு வெளியே வந்திருந்தது. அந்த ஓட்டை வழியாக, இன்ஜின் ஓட ஓட ஆயில் பம்பே ஆயிலையெல்லாம் வெளியே இறைத்துத் தள்ளியிருக்கிறது. கம்பியைப் போட்டுப் பார்த்தால் நுனியில்கூட ஆயில் இல்லை. பிரஷர் குறைந்த நொடியில் எரிந்திருக்க வேண்டிய விளக்கை நான்தானே ஒயரைக் கழற்றி ஊமையாக்கி வைத்திருந்தேன்!

வயலைப் பார்த்ததும் வயிறு பகீரென்றது. ஆறு வருஷமாக ஒரு சொட்டு ரசாயனம் படாத சேற்றில், தேங்கிய தண்ணீர் மேல் நீலமும் ஊதாவுமாக எண்ணெய்ப் படலம் மினுமினுத்தது. அந்த மூலையைச் சுற்றி அவசரமாக அணை போட்டு, தண்ணீர் மற்ற வயலுக்குப் போகாமல் தடுத்தோம். வைக்கோலையும் மரத்தூளையும் பரப்பி எண்ணெயை உறிஞ்ச வைத்து, அவற்றோடு மேல்மண்ணையும் வழித்துச் சாக்கில் அள்ளினோம். கழிவு ஆயில் சட்டப்படி அபாயக் கழிவு. குப்பையில் கொட்டவும் கூடாது, கொளுத்தவும் கூடாது. கழிவு ஆயில் எடுக்கும் ஆட்களிடம் பட்டறை மூலமாகச் சாக்குகளை ஒப்படைத்தோம். அந்த ஒரு சென்ட் மூலையில் அந்த வருஷம் நடவே செய்யவில்லை. எங்கள் சான்றளிப்புக் குழுவினரிடமும் மறைக்காமல் சொல்லி, அவர்களை வரவழைத்துக் காட்டினேன்.

இன்ஜினைப் பிரித்தார்கள். பேரிங் செல் தேய்ந்து கோடு கோடாக இருந்தது. கிராங்க் ஷாப்டை லேத்தில் கடைந்து, ஒரு சைஸ் மாற்றிய செல் போட வேண்டியதாயிற்று. ஆன செலவு 38 ஆயிரம். வண்டி திரும்பி வர 18 நாள். அதற்குள் நாற்று முற்றிப்போனது. நட்டதும் தூர் கட்டவில்லை.

பட்டறையில் எல்லார் முன்னாலும் ஓட்டுநரைப் பார்த்து, "கவனமா ஓட்டக் கூடாதாப்பா?" என்று கேட்டுவிட்டேன். அவர் ஒன்றும் பேசவில்லை, தலையைக் குனிந்துகொண்டார். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. ஒயரைக் கழற்றச் சொன்னது யார்? வங்கியில் எச்சரிக்கை மணியை ஒருவர் அணைத்து வைத்திருந்தால் அன்றைக்கே விளக்கம் கேட்டு ஓலை கொடுத்திருப்பேன். மறுநாள் காலை அவரிடம் போய், "தப்பு என்னுதுதான் தம்பி" என்று சொன்ன பிறகுதான் மனசு ஆறியது.

"வெளியே கொண்டாந்துடலாம் சார்"

இன்ஜினைப் பூட்டும்போது மெக்கானிக் ஒரு யோசனை சொன்னார். "சென்சார் கெட்டுப்போறதைத் தடுக்க முடியாது சார். அது தேயிற சாமான். ஆனா அதை வெளியே கொண்டாந்துட்டா, நீங்களே பத்து நிமிஷத்துல மாத்திக்கலாம்."

யோசனை எளிமையானது. பிளாக்கில் சுவிட்ச் இருந்த துளையில் ஒரு நிப்பிள் மாட்டி, அதிலிருந்து ஹைட்ராலிக் ஹோஸ் ஒன்றை இழுத்து, மீட்டர் போர்டுக்குக் கீழே பக்கவாட்டுத் தகட்டில் பொருத்திய ஓர் இரும்புக் கட்டைக்குக் கொண்டுவருவது. சுவிட்சை அந்தக் கட்டையில் மாட்டுவது. கட்டையில் இன்னொரு துளை போட்டு முள் காட்டும் பிரஷர் மீட்டர் ஒன்றும் வைத்துவிட்டோம். அந்த ஹோசில் ஆயில் ஓடுவதில்லை, நிரம்பி நிற்கும். அதனால் பிளாக்கில் உள்ள அதே பிரஷர்தான் கட்டையிலும் இருக்கும். குளிர்ந்த நேரத்தில் முள் ஏற ஓரிரு நொடி கூடுதலாகலாம், அவ்வளவுதான்.

எனக்கு ஆன செலவு: முனை பிரஸ் செய்த ஹோஸ் 600, லேத்தில் கட்டையும் நிப்பிளும் 400, சுவிட்ச் 250, மீட்டர் 700, கூலி 800. மொத்தம் 2,750 ரூபாய்.

செய்யும்போது கவனிக்க வேண்டியவை

வேலை சின்னதுதான். ஆனால் தவறாகச் செய்தால் எனக்கு நடந்ததே உங்களுக்கும் நடக்கும். ஆகவே ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

1. உங்கள் வண்டியில் இருப்பது எது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். விளக்குக்கு இருப்பது சுவிட்ச். முள் காட்டும் மின் மீட்டருக்கு இருப்பது சென்டர் யூனிட். இரண்டும் வேறு. ஒன்றுக்குப் பதில் மற்றதை மாட்டினால் தப்பாகக் காட்டும்.

2. மரை ஒத்துப்போக வேண்டும். எட்டில் ஒரு அங்குல மரையிலேயே இரண்டு ரகம் உண்டு. ஒன்றில் அங்குலத்துக்கு 27 மரை, மற்றதில் 28. பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும், இரண்டு சுற்று ஏறவும் ஏறும். அதற்கு மேல் முறுக்கினால் பிளாக்கின் மரை போய்விடும். பழைய சுவிட்சையே மாதிரிக்குக் கையோடு கடைக்குக் கொண்டு போங்கள். சில வண்டிகளில் மில்லிமீட்டர் மரையும் வரும்.

3. கழற்றும் முன் அந்த இடத்தை டீசலும் பிரஷும் வைத்துச் சுத்தமாகக் கழுவுங்கள். மண் துகள் ஆயில் பாதைக்குள் போனால் பேரிங்கைத் தின்றுவிடும். இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றி வைத்துவிடுங்கள்.

4. ஹைட்ராலிக் ஹோஸ்தான் போட வேண்டும், கம்பி வலை பின்னியது, முனை பிரஸ் செய்தது. டீசல் ரப்பர் குழாயை மாட்டிக் கிளிப் போட்டு முடித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். காலையில் குளிர்ந்த ஆயில் கெட்டியாக இருக்கும்போது பிரஷர் கூடுதலாக இருக்கும், உழவில் ஆயில் கொதிக்கிற சூடாகும். ரப்பர் ஊறிப் பிய்ந்துவிடும். செம்புக் குழாயும் வேண்டாம். அதிர்வில் நாளாவட்டத்தில் இறுகி விரிசல் விடும்.

5. பிளாக்கிலேயே ஒரு 'டி' மாட்டி அதில் சுவிட்சையும் மீட்டரையும் தொங்கவிடுவது சிலர் செய்யும் குறுக்கு வழி. அந்த எடை அதிர்ந்து அதிர்ந்து நிப்பிளை முறித்துவிடும். எடையெல்லாம் தகட்டில் இருக்கட்டும். பிளாக்கில் நிப்பிள் மட்டும் போதும்.

6. நிப்பிளின் உள்துளையை 1 மி.மீ. அளவுக்குச் சிறிதாகப் போடச் சொன்னார் எங்கள் மெக்கானிக். ஹோஸ் எப்போதாவது வெடித்தாலும் ஆயில் மெதுவாகத்தான் வெளியேறும். வெடித்ததுமே கட்டையில் பிரஷர் இறங்கி விளக்கும் எரிந்துவிடும். நிறுத்துவதற்கு நமக்கு நேரம் கிடைக்கும். அதற்கும் சிறிதாகப் போட்டால் கசடு அடைத்துக்கொள்ளலாம்.

7. மரையில் டெஃப்லான் டேப் சுற்றினால் நுனியில் இரண்டு மரையை விட்டுவிட்டுச் சுற்றுங்கள். பிய்ந்த டேப் துணுக்கு உள்ளே போனால் ஆயில் பாதையை அடைக்கும். மரைக்கென்று விற்கும் பசை அதைவிட நல்லது. இரண்டையும் சுவிட்சின் மரையில் அளவாகத்தான் போட வேண்டும், எர்த் அறுந்துவிடக் கூடாது.

8. ஹோஸ், சைலன்சர் பக்கமோ பேன் பெல்ட் பக்கமோ போகக் கூடாது. இன்ஜின் ஆடும், தகடு வேறு மாதிரி ஆடும். ஹோசை இறுக்கமாக இழுத்துக் கட்டாமல் கொஞ்சம் தளர்வு விடுங்கள். கூர்மையான விளிம்பில் உரசும் இடத்தில் பழைய டியூபை வெட்டிச் சுற்றிவிடுங்கள்.

எர்த்: பலர் தவறவிடும் இடம்

இந்த ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். சுவிட்சுக்கு ஒயர் ஒன்றுதான். கரண்ட் விளக்கு வழியாக சுவிட்சுக்கு வந்து, அதன் உடம்பு வழியாக இன்ஜினில் எர்த் ஆகும். இன்ஜின் நிற்கும்போது பிரஷர் இல்லை. சுவிட்ச் உள்ளே சேர்ந்திருக்கும், விளக்கு எரியும். பிரஷர் ஏறியதும் சுவிட்ச் பிரிந்துகொள்ளும், விளக்கு அணையும்.

சுவிட்சை ஹோசின் முனைக்குக் கொண்டுபோய்விட்டால் இன்ஜினோடு அதற்கு இருந்த இரும்புத் தொடர்பு போய்விடுகிறது. தகட்டில் பெயிண்ட் இருந்தால் அங்கும் எர்த் கிடைக்காது. எர்த் இல்லை என்றால் விளக்கு எரியவே எரியாது. ஆயில் வற்றினாலும் எரியாது. நான் ஒயரைக் கழற்றி வைத்ததும் இதுவும் ஒன்றுதான். ஆகவே கட்டையின் போல்ட்டிலிருந்து இன்ஜின் பிளாக்குக்குத் தனியாக ஓர் எர்த் ஒயர் கட்டாயம் கொடுங்கள்.

அதைச் சரிபார்க்கும் வழி தினமும் நம் கையில் இருக்கிறது:

சாவி போட்டதும் விளக்கு எரிய வேண்டும். எரியவில்லை என்றால் பல்பு, ஒயர், எர்த் மூன்றில் ஒன்று போயிருக்கிறது. ஸ்டார்ட் பண்ண வேண்டாம்.

ஸ்டார்ட் ஆனதும் சில நொடிகளில் அணைய வேண்டும். அணையவில்லை என்றால் உடனே நிறுத்திவிட்டு ஆயில் மட்டம் பாருங்கள்.

ஓடும்போது எரிந்தால், "சென்சார் கோளாறாத்தான் இருக்கும்" என்று முடிவு கட்டாதீர்கள். நிறுத்துங்கள். ஒயர் எங்காவது தோல் உரிந்து இரும்பில் பட்டாலும் எரியும்தான். ஆனால் அது இன்ஜின் நின்ற பிறகு பார்க்க வேண்டிய ஆராய்ச்சி.

மாட்டிய பிறகு

ஸ்டார்ட் செய்து, ஒவ்வோர் இணைப்பையும் வெள்ளைத் துணியால் துடைத்து, கால் மணி நேரம் ஓடவிட்டு மறுபடி துடைத்துப் பாருங்கள். கறை பட்டால் கசிவு. ஆயில் மட்டம் பார்த்து, குறைந்ததை ஊற்றுங்கள். பத்து மணி நேரம் உழுத பிறகு இன்னொரு தரம் சரிபாருங்கள். இடம் மாற்றுவதால் முன்பு இல்லாத புது இணைப்புகள் மூன்று நான்கு வருகின்றன. கசிவதற்கும் அத்தனை இடம் கூடுகிறது என்பதை மறக்கக் கூடாது. ஹோஸ் வெடிப்பு விட்டதும் யோசிக்காமல் மாற்றிவிட வேண்டும்.

எல்லா வண்டிக்கும் இது ஏற்றதல்ல. வாரண்டி உள்ள வண்டியில் கை வைக்காதீர்கள். 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 முதல் புதிய புகை விதிகள் வந்த பிறகு, மின்னணுக் கட்டுப்பாட்டோடு வரும் இன்ஜின்களில் சென்சார் கம்ப்யூட்டருக்குச் செய்தி அனுப்பும். அதை நாம் தொடக்கூடாது. உங்கள் வண்டியில் சுவிட்ச் ஏற்கெனவே கைக்கு எட்டும் இடத்தில் இருந்தால் இந்த வேலையே தேவையில்லை. இருக்கிற இடத்தில் நிம்மதியாக இருக்கட்டும்.

மீட்டர் பேசியது

இப்போது என் வண்டியில் ஆயில் சூடான பிறகு மெதுஓட்டத்தில் முள் 1 கிலோவைத் தாண்டி நிற்கும், உழவில் 3 கிலோ. இது என் வண்டியின் கணக்கு. உங்கள் வண்டிக்குக் கையேட்டில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான் கணக்கு.

போன சித்திரையில் கடலைக்கு உழும்போது ஓட்டுநர் தம்பி வந்து, "ஐயா, முள்ளு வழக்கத்தைவிட எறங்கி நிக்குது" என்றார். விளக்கு எரியவில்லை, சத்தமும் மாறவில்லை. கம்பியை எடுத்துப் பார்த்தால் ஆயில் மட்டம் குறைவதற்குப் பதிலாக மேல்கோட்டையும் தாண்டி ஏறியிருந்தது. முகர்ந்தால் டீசல் வாடை. டீசலை இழுத்துக் கொடுக்கும் சின்னப் பம்பின் உள்ளே உள்ள சவ்வு கிழிந்து, டீசல் ஆயிலில் கலந்திருக்கிறது. நீர்த்துப்போன ஆயிலில் பிரஷர் எப்படி நிற்கும்? சவ்வையும் ஆயிலையும் பில்டரையும் மாற்றினோம். மறுநாளே வண்டி வயலில் இறங்கிவிட்டது. முள் இல்லாவிட்டால் இன்னொரு தரம் கிராங்க் கடைய வேண்டி வந்திருக்கும். அன்றைக்கு அந்தத் தம்பிக்கு ஒரு வேட்டி எடுத்துக் கொடுத்தேன். பழைய கணக்கிலும் கொஞ்சம் பாக்கி இருந்ததே!

இதற்குப் பிறகு பண்ணையில் மற்ற இடங்களையும் அதே கண்ணோடு பார்க்க ஆரம்பித்தேன். சொட்டுநீரில் ஜீவாமிர்தம் விடும் நம் எல்லாருக்கும் பில்டர் அடைப்பு தெரிந்த கதை. எங்கள் பில்டர் மோட்டார் கொட்டகைக்குப் பின்னால், பள்ளத்தில், குனிந்து கை விட வேண்டிய இடத்தில் இருந்தது. வாரம் ஒரு தரம் கழுவச் சொல்வேன், மாதம் ஒரு தரம்தான் நடக்கும். ஆட்கள் மேல்தான் கோபம் வரும். அதை நடைபாதை ஓரமாக இடுப்புயரத்துக்கு ஏற்றிவிட்டேன். இப்போது யாரும் சொல்லாமலே கழுவுகிறார்கள். சோம்பல் ஆட்களிடம் இல்லை, பில்டரை வைத்த இடத்தில்தான் இருந்திருக்கிறது.

நம் பண்ணையில் எதைத் தினமும் பார்க்க வேண்டுமோ, அது கண்ணுக்கும் கைக்கும் எட்டும் இடத்தில் இருக்கட்டும். எட்டாத இடத்தில் இருப்பதை நாம் ஒருநாள் பார்க்காமல் விடுவோம், மறுநாள் ஒயரைக் கழற்றிவிட்டு ஓட்டுவோம். நாளைக் காலை சாவியைத் திருப்பியதும் ஒரு நொடி நில்லுங்கள். சிவப்பு விளக்கு எரிகிறதா பார்த்துவிட்டு, அப்புறம் ஸ்டார்ட் பண்ணுங்கள்.